வரைபடத்தில் விட்டுப்போன இடம்

ஜூலை 8, திங்கள்

தூக்க மாத்திரை எழுதித் தரும் டாக்டரம்மா இந்த முறை வீட்டுப்பாடமும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். தினமும் படுப்பதற்கு முன், நன்றி சொல்லும்படியாக அன்றைக்கு நடந்த ஒன்றை எழுத வேண்டுமாம். "ஒரு வரி போதும் உலகம்மை. பொய் மட்டும் எழுதாதீங்க" என்றார். முப்பத்தெட்டு வயதில் கட்டுரை நோட்டு வாங்கக் கடைக்குப் போக வெட்கமாக இருந்தது. என் வீட்டுக்காரர் சொரிமுத்துவின் கடைக்கு மோட்டார் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. அதில்தான் எழுதுகிறேன். பக்கத்துக்குப் பக்கம் தலைமாட்டில் ஒரு நீர்மூழ்கி மோட்டார் படம்.

இன்றைய நன்றி: கேஸ் சிலிண்டர் வந்தது. பொய்யில்லை.

ஜூலை 10, புதன்

என் வேலையைப் பற்றியும் எழுதிவைக்கிறேன். ஊரமைப்பு அலுவலகத்தில் திட்ட உதவியாளர். எங்கே வீடு வரலாம், எங்கே பாதை வரலாம் என்று தாளில் கோடு போடுவது. தெருவில் இது யாருக்கும் புரிந்ததில்லை. "மேடம், வாஸ்துப்படி அடுப்படி எங்கன வைக்கலாம்?" என்று மாதம் ஒருத்தராவது கேட்டு வந்துவிடுவார். நானும் ஏதாவது ஒரு மூலையைக் காட்டி அனுப்பிவிடுவேன்.

இந்த வருஷம் கையில் கிடைத்திருப்பது நல்ல வேலை. பசுமைத் தொடர் திட்டம். மலையடிவாரக் காட்டில் ஆரம்பித்து மேலநத்தம், எங்கள் செவ்வல்பேட்டை, அத்திகுளம் வழியாகக் கொன்றைக்குளத்துப் பெரிய குளம் வரைக்கும், அங்கங்கே துண்டு துண்டாகக் கிடக்கிற பச்சையை எல்லாம் கோத்துவிட வேண்டும். வாய்க்கால் கரை, குளத்தங்கரை, பள்ளிக்கூட மைதானம், கோயில் நந்தவனம், தென்னந்தோப்பு விளிம்பு, ரயில் பாதை ஓரம். புதிதாகப் பூங்கா கட்ட இடமில்லை. இருப்பதைச் சேர்த்தால் போதும். மலையிலிருந்து இறங்கும் மரநாய் லாரியில் அடிபடாமல் குளத்துக்குப் போகலாம். அத்திகுளத்துக்காரர்கள் நிழலிலேயே நடந்து பேட்டைச் சந்தைக்கு வரலாம்.

எங்கள் அதிகாரி ஜெபமணி சார் அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். "இதுவரைக்கும் மரத்த வெட்டுறதுக்குத்தாம்மா கையெழுத்துப் போட்டிருக்கேன். இத முடிச்சிட்டு வீட்டுக்குப் போறேன்" என்கிறார். அவருக்குக் கீழே வேலை பார்ப்பதற்கே நன்றி சொல்லலாம். சொல்லிவிட்டேன்.

ஜூலை 19, வெள்ளி

இன்று அலுவலகத்தில் ஒரு கூத்து. வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சடித்து மேசைமேல் விரித்தோம். ஜெபமணி சார் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து விரலாலேயே நடந்து வந்தார். பேட்டைக்குத் தெற்கே வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"இது என்ன, இங்கன மட்டும் வெள்ளையா விட்டிருக்கு?"

சர்வேயர் இசக்கிராஜ் பின்னந்தலையைச் சொறிந்தார். "அது சுடுகாடு சார்."

"அது தெரியுது. உள்ள என்ன மரம் நிக்கி, வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுதுன்னு ஏன் போடல?"

"உள்ள போனா குளிச்சிட்டுத்தான் வீட்டுக்குள்ள ஏறணும் சார். அன்னைக்கு மச்சினன் வீட்டு விசேஷத்துக்கு வேற போவேண்டியிருந்துச்சு. அதான் சுவத்துக்கு வெளிய நின்னு பாத்தேன்."

"வெளிய நின்னு என்னத்தவே பாத்தீரு?"

"சுவரத்தான் பாத்தேன் சார்."

எல்லோரும் சிரித்தோம். சார் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. மரம் கணக்கெடுக்கப் போன இரண்டு பெண்களும், "நாங்க எப்படி சார் அங்க போக?" என்றார்கள். வாய்க்கால் அளக்கப் போனவர் இந்தப் பக்கச் சுவர்வரை அளந்துவிட்டு அந்தப் பக்கச் சுவரிலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறார். ஒருவருக்கொருவர் பேசிவைத்துக்கொள்ளவில்லை. ஆளாளுக்கு அந்த இடத்தைத் தாண்டிக் குதித்திருக்கிறோம். நான்கு ஊர்த் திட்டத்தின் நட்டநடுவில் ஒரு ஓட்டை. இந்த வரைபடத்தைப் பலமுறை சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது நான்.

"மெயின் ரோட்டு வழியாச் சுத்திப் போயிரலாம் சார்" என்றேன். உடனே சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவும் சொல்லிவிட்டேன் போல. சார் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "சரிம்மா, போக முடியுமான்னு பாரு" என்றார்.

நன்றி: மத்தியானம் கேன்டீனில் உளுந்தஞ்சோறு.

ஜூலை 24, புதன்

பஸ்ஸில் காலையில் எனக்கு வலது பக்க ஜன்னல்தான். வெயில் முகத்தில் அடிக்கும். இன்று கண்டக்டர், "இந்தப் பக்கம் நிழலா சீட்டு சும்மா கெடக்கு, நீங்க ஏன் மேடம் வெயில்ல காயுதீய?" என்று கேட்டார். உடம்புக்கு வெயில் நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். சுடுகாட்டுச் சுவர் வருவது இடது பக்கம்.

நன்றி: அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. காலையில் தேங்காய்ச் சாதம், புளிச் சாதம் கிளறி வைத்துவிட்டு இசக்கிராஜையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டை அளக்கப் போனேன். டயர் கடை, பரோட்டாக் கடை, லாரி செட், மறுபடியும் டயர் கடை. நடைபாதை என்று பெயருக்கு இருப்பது சாக்கடை மூடி. அதில் மரம் நட வேண்டுமென்றால் மரம்தான் மனசு வைக்க வேண்டும். சுடுகாட்டுக்கு மேற்கே ரைஸ் மில்லும் வீடுகளும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. வாய்க்கால் சுடுகாட்டுக்குள்தான் ஓடுகிறது. வேறு வழி கிடையாது.

ராத்திரி சாப்பிடும்போது சொரிமுத்துவிடம் சொன்னேன். அவருக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. நாள் முழுக்கச் செப்புக்கம்பியோடு இருந்து இருந்து, பேச்சையும் சிக்கனமாகத்தான் விடுவார்.

"ரோட்டு வழியாப் போக முடியல. அந்த ஒரு துண்ட விட்டுட்டு மத்ததெல்லாம் சேத்துக் குடுத்திரலாம்னு நெனைக்கேன்" என்றேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எரநூறு சுத்துச் சுத்தி, நடுவுல ஒரு எடத்துல கம்பி அறுந்துருந்தா என்ன ஆவும் உலகு?" என்றார்.

"மோட்டார் ஓடாது."

"அதான்."

இதைச் சொல்ல இவரைக் கேட்டேனா? கோபத்தில் மோரை ஊற்றாமல் எழுந்துவிட்டேன். அவரே போய் ஊற்றிக்கொண்டார்.

நன்றி: புளிச் சாதம் நன்றாக வந்திருந்தது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

சார் சொல்லிவிட்டதால் இசக்கிராஜ் இன்று சுடுகாட்டுக்குள் போய் வந்தார். சட்டைப் பையில் ஒரு எலுமிச்சம்பழம். போகும்போது எல்லோரிடமும் அதை எடுத்துக் காட்டிவிட்டுப் போனார். பாதுகாப்புக்காம். திரும்பி வந்து அதையே பிழிந்து சர்பத் போட்டுக் குடித்துவிட்டார்.

அவர் சொல்லச் சொல்ல நான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். வாய்க்கால் கீழ்ப்பக்கச் சுவரை ஒட்டி ஓடுகிறது. கரை அகலம். உள்ளேயும் ஆளாளுக்கு வரப்புப் போட்டுப் பிரித்துவைத்திருக்கிறார்கள். செத்த பிறகும் பக்கத்து வீட்டில் யார் என்று பார்க்கிற ஊர் இது. வேம்பு, புளி, மேற்கே உடைமரங்கள்.

"அப்புறம் வாய்க்கால் பக்கம் ஒரு பூவரசு மேடம். சும்மா கும்முனு நிக்கி. யாரோ தண்ணி ஊத்தி வளத்துருக்காவ. சுத்திக் கல்லு அடுக்கி, பாத்தியெல்லாம் கட்டியிருக்கு. அது சின்னப் பிள்ளையளப் பொதைக்கிற எடம் பாத்துக்கிடுங்க."

பூவரசு ஒன்று என்று ஏற்றினேன். தண்ணீர் குடிக்கப் போனேன். வந்து மறுபடி பார்த்தேன். ஒன்றுதான். சரியாகத்தான் ஏற்றியிருக்கிறேன்.

இன்று நன்றி எழுத ஒன்றும் தோன்றவில்லை. பொய் எழுதக்கூடாது.

செப்டம்பர் 2, திங்கள்

பாதையைச் சுடுகாட்டுக்குள் வாய்க்கால் கரை வழியாகவே போட்டுவிட்டேன். பச்சைக் கோடு மலையிலிருந்து குளம்வரை அறுபடாமல் ஓடுகிறது. பார்க்க அழகாக இருக்கிறது. அதற்கு நன்றி.

செப்டம்பர் 26, வியாழன்

விடிகாலையிலிருந்து நல்ல மழை. இந்தத் தேதியில் வழக்கம்போல சொரிமுத்து எனக்கு முன்னமே எழுந்துவிட்டார். பெரிய கேன் நிறையத் தண்ணீர் பிடித்து வண்டியில் கட்டினார். கொட்டுகிற மழையில் தண்ணீர்க் கேன்.

"எங்க?" என்றேன்.

"கடைக்கு."

"கடைக்கு எதுக்குத் தண்ணி?"

"கடையில தண்ணி இல்ல."

அவர் தலைக்கு மேலே வானமே கொட்டிக்கொண்டிருந்தது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. வருஷா வருஷம் இந்தத் தேதியில் நான் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. வரும்போது கால்சட்டையெல்லாம் சேறு, ஒட்டுப்புல். ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்துவிட்டுத் துவைத்துப்போட்டேன்.

அலுவலகத்துக்கு லீவு. மாத்திரை இரண்டு.

அக்டோபர் 15, செவ்வாய்

சார் என்னிடம், "கருத்துக் கேட்பு கூட்டத்துல இந்தச் சுடுகாட்டு விஷயம் கண்டிப்பா வெடிக்கும்மா. நீ வேணும்னா அன்னைக்கு லீவு போட்டுக்க" என்றார். ஏன் அப்படிச் சொல்கிறார் என்று புரியவில்லை. பத்து வருஷத்துக்கு முன் நான் நீண்ட விடுப்பில் இருந்தபோது அதில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அதை இவ்வளவு நாள் ஞாபகம் வைத்திருக்கமாட்டார்.

"வாரேன் சார். நான்தான் கோடு போட்டேன், நான்தான் இருக்கணும்" என்றேன்.

நவம்பர் 2, சனி

இன்று கல்லறைத் திருநாள். "வந்து பாரும்மா, உன் அறிக்கைக்கு உதவும்" என்று சார் கூப்பிட்டதால் அவர்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். நான் எதிர்பார்த்தது அழுகை. அங்கே இருந்தது திருவிழா. பெண்கள் குடும்பம் குடும்பமாக வந்து கல்லறைகளைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலை போட்டு மெழுகுவத்தி ஏற்றினார்கள். பிள்ளைகள் நடுவில் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். சாரின் மனைவி தன் மாமியார் கல்லறைமேல் ஈரத்துணி போட்டுத் துடைத்துக்கொண்டே, "உயிரோட இருக்கும்போது இந்த அம்மாவுக்கு என் சமையலே புடிக்காது" என்று சொல்லி எனக்கு முறுக்கு கொடுத்தார். முறுக்கு நன்றாகத்தான் இருந்தது.

ஓரத்தில் ஒரு சின்னக் கல்லறை. முழநீளம்கூட இல்லை. ஒரு பெண் அதன் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, சாவகாசமாகப் பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. தொடுத்து முடித்ததும் கல்லின்மேல் வைத்து அளவு பார்த்தாள். கொஞ்சம் நீளம். கொஞ்சம் கிள்ளித் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

அறிக்கைக்காகப் படம் எடுக்கத்தான் போனேன். அந்தப் பெண்ணை மட்டும் எடுக்கவில்லை.

பொறாமையாக இருந்தது. பொறாமைப்பட்டதை எழுதக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லவில்லை. என்னைக் கூப்பிட்ட சாருக்கும், முறுக்குத் தந்த அம்மாவுக்கும், பூத்தொடுத்த முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்கும் நன்றி.

நவம்பர் 21, வியாழன்

இன்றைக்குப் பக்கம் போதாது. பின்பக்கமும் எழுதுவேன்.

நகராட்சி மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். நாற்காலிகள் நிறைந்து சுவரோரமும் நின்றார்கள். பெண்களும் நிறைய வந்திருந்தார்கள். எல்லாம் எங்கள் வார்டு கவுன்சிலர் மாரிச்செல்வி அக்காவின் வேலை. "டீயும் வடையும் உண்டு, வாங்கட்டி" என்று தெருத்தெருவாகச் சொல்லியிருக்கிறார். நான் மேடையில் ஓரமாக உட்கார்ந்து, யார் என்ன சொல்கிறார்கள் என்று கூட்டக் குறிப்பு எழுதினேன். அதுதான் என் வேலை.

குளத்தங்கரை, மைதானம் எல்லாம் சிக்கலில்லாமல் போயிற்று. சார் சுடுகாட்டுப் பக்கத்துக்கு வந்ததும் பலசரக்குக் கடை அருணாசலம் அண்ணாச்சி எழுந்தார். நல்ல மனிதர். ஊரில் யார் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாக நிற்பவர்.

"சார், நான் பேய் பிசாசுன்னு பேச வரல. நமக்குன்னு ஒரு முறை இருக்குல்லா? பொம்பளைங்க தெரு முக்கோட நின்னுக்கிடுவாவ, ஆம்பளையதான் உள்ள போவோம். நாளைக்கு அதுக்குள்ள நம்ம வீட்டுப் பொம்பளைய கூடையத் தூக்கிட்டு நடந்து போவாவன்னா, எப்படி சார்?"

நிறையப் பேர் தலையாட்டினார்கள். இன்னொருவர், பாதை எந்தச் சாதிக்காரர் வரப்பை வெட்டிப் போகும் என்று கேட்டார். எந்த வரப்பையும் வெட்டாது, வாய்க்கால் கரை எல்லோருக்கும் பொது என்று சார் சொன்னார். அதற்குள் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாவற்றையும் எழுதினேன். போய்விட்டது, கோடு அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அப்போது பின்னாலிருந்து பூக்காரி தெய்வானை எழுந்தாள். பஸ் ஸ்டாண்டில் இருபது வருஷமாகப் பூ விற்கிறாள். அதட்டித்தான் பழக்கம், மைக்கெல்லாம் வேண்டியிருக்கவில்லை.

"அண்ணாச்சி, எம் மவன் அங்கதான் கெடக்கான். ரெண்டு மாசத்துப் பிள்ள. துண்டுல சுத்தித் தூக்கிட்டுப் போனாவ. எந்த எடத்துல வச்சாவன்னுகூட எனக்குத் தெரியாது. கேட்டா, அதெல்லாம் நீ கேக்கக்கூடாதுன்னாவ. அங்க நாயி போவுது, ஆடு போவுது, சீட்டு வெளையாடுதவன் போறான். பெத்தவ மட்டும் போவக்கூடாதோ? இது என்ன முறை அண்ணாச்சி?"

சொல்லிவிட்டுத் தெய்வானை உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தாள்.

பிறகு அவள் பக்கத்தில் இருந்தவள் எழுந்து நின்றாள். அடுத்த வரிசையில் ஒருத்தி. சுவரோரம் ஏற்கெனவே நின்றிருந்த ஒரு அம்மா, தானும் உண்டு என்று தெரிய வேண்டுமே என்று கையைத் தூக்கினார். மேடையில் மாரிச்செல்வி அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். நான் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தேன். 'மகளிர் தரப்பில் ஆதரவு தெரிவிக்கப்பட்டது.' அதையே இரண்டாம் முறையும் எழுதியிருக்கிறேன் என்று பிறகுதான் பார்த்தேன்.

ஜெபமணி சார் என் பக்கம் சாய்ந்தார். "பேனாவக் குடும்மா. கொஞ்ச நேரம் நான் எழுதுதேன்" என்றார்.

பேனாவைக் கொடுத்தேன். வெகுநேரம் உட்கார்ந்து கால் மரத்துப் போயிருந்தது. எழுந்து நின்றேன்.

கடைசியாக எழுந்தது அண்ணாச்சியின் மனைவி. முன்வரிசை. புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, புருஷன் முகத்தைப் பார்க்காமல் நின்றார். அண்ணாச்சி அவரைப் பார்த்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே, "பொணம் வாரன்னைக்குப் பாதைய அடைச்சிரணும். எரிக்கிற பக்கம் தெரியாம மரம் வச்சு மறைக்கணும். வெளக்கு வச்ச பொறவு பூட்டிரணும். எழுதிக்கிடுங்க" என்றார். சார் எழுதிக்கொண்டார்.

வாசலில் சொரிமுத்து கிரீஸ் சட்டையோடு நின்றிருந்தார். கடையை அடைத்துவிட்டு எப்போது வந்தார் என்று தெரியவில்லை. நான் எழுந்து நின்றதைப் பார்த்திருக்கிறார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, சாவியை எடுக்காமல், "உலகு, நாளைக்கு விடியக்காலம் வாரியா? கூட்டிட்டுப் போறேன். ஒருத்தரும் பாக்கமாட்டாவ" என்றார்.

"வேண்டாங்க. எம் பிள்ளையப் பாக்க நான் ஒளிஞ்சு வரமாட்டேன். பாதை வரட்டும். எல்லாப் பொம்பளையும் போற மாதிரிப் போறேன்" என்றேன்.

அவர் தலையசைத்தார். நாங்கள் இருவரும் பிள்ளை என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பத்து வருஷம் ஆகிறது.

நவம்பர் 22, வெள்ளி

இனி மறைக்க என்ன இருக்கிறது.

பெண் குழந்தை. ஒரு வாரம்கூட நிறையவில்லை. ஆபரேஷன் செய்து எடுத்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய் ஒரே ஒரு தடவை காட்டினார்கள். கொட்டாவி விட்டாள். நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது சொரிமுத்து துண்டில் வாங்கிக்கொண்டு போனார். பச்சை உடம்புக்காரி அழக்கூடாது என்றார்கள். அடுத்தது வரும் என்றார்கள். வரவில்லை. எங்கே வைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் உடைந்துவிடுவார் என்று நினைத்தேன். ஒன்றும் பேசாமல் காயில் சுற்றிக்கொண்டிருக்கிறாரே என்று பல ராத்திரி அவரைக் கல் என்றும் நினைத்திருக்கிறேன். வருஷா வருஷம் தண்ணீர்க் கேனை வண்டியில் கட்டிக்கொண்டு போகிறவரைப் போய்.

நன்றி: தெய்வானைக்கு. இனி அவளிடம் பூ வாங்கும்போது பேரம் பேசமாட்டேன். அவள் விடமாட்டாள், அது வேறு விஷயம்.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். உத்தரவு வந்துவிட்டது. அண்ணாச்சி சொன்ன நிபந்தனைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. முதலில் வேலை தொடங்கப்போவதே பேட்டைத் துண்டில்தானாம். "அறுந்த எடத்தத்தானம்மா மொதல்ல முடியணும்" என்றார் சார். மண் பாதைதான். வடக்குச் சுவரிலும் தெற்குச் சுவரிலும் ஒவ்வொரு வாசல் திறக்க வேண்டும், கரையை மண் போட்டு மேவ வேண்டும், கன்று நட வேண்டும்.

வாசலில் விளக்கு வைத்தேன். ஒன்று அதிகமாக வைத்தேன்.

டிசம்பர் 28, சனி

மாத்திரை போட மறந்து தூங்கிவிட்டேன். காலையில்தான் தெரிந்தது.

ஜனவரி 12, ஞாயிறு

மார்கழி முழுக்கத் தெருவில் பெண் பிள்ளை இருக்கிற வீட்டு வாசல்களில் எல்லாம் சாணி உருண்டையில் பூசணிப் பூ. எங்கள் பக்கத்து வழக்கம் இது. அந்தப் பூவையெல்லாம் சாணியோடு தட்டி எருவாகக் காயவைத்து, பொங்கல் கழிந்து சிறுவீட்டுப் பொங்கல் அன்றைக்குக் குளத்தில் விடுவார்கள். முற்றத்தில் மண்ணால் ஒரு சிறுவீடு கட்டி, அதற்குள் பிள்ளைகளே பொங்கல் வைப்பார்கள். பெண் பிள்ளைகளுக்கான பண்டிகை. பத்து வருஷமாக அன்றைக்கு மட்டும் எனக்கு வெளியூரில் ஏதாவது வேலை வந்துவிடும்.

மாரிச்செல்வி அக்கா வந்தார். "ஏ தாயி, பாதை வேல முடிஞ்சிட்டுல்லா? இந்த வருசம் சிறுவீட்டுப் பொங்கலுக்குப் பிள்ளையள அந்த வழியாத்தான் கொளத்துக்குக் கூட்டிட்டுப் போவப் போறேன். ரோட்டுல லாரிக்காரன் கண்ணு மண்ணு தெரியாம வாரான்."

"அங்க வழியாவா அக்கா? பிள்ளைங்களையா? ஊரு என்ன சொல்லும்?"

"சொல்லுதவன் வந்து லாரிய நிறுத்தட்டும்" என்றார்.

ஜனவரி 18, சனி

சந்தைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்தால் முற்றமெல்லாம் செம்மண். சொரிமுத்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு சிறுவீட்டுக்குச் சுவர் மெழுகிக்கொண்டிருந்தார். முழங்கால் உயரச் சுவர், வாசல், உள்ளே மூன்று கல் வைத்த அடுப்பு. மோட்டார்காரர் புத்தி போகுமா? ஓலைக் கூரைக்கு அடியில் ஒரு சின்ன பல்பும் மாட்டியிருந்தார்.

"இது எதுக்கு?" என்றேன்.

"பொம்பளப் பிள்ள இருக்க வீடுல்லா" என்றார், நிமிராமல்.

அங்கேயே செம்மண்ணில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அவரும் அழுதார். மண் கையால் என் கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் சேறாக்கிவிட்டார். பிறகு இரண்டு பேருமாக மீதிச் சுவரை மெழுகினோம்.

ஜனவரி 19, ஞாயிறு

விடிகாலையில் சிறுவீட்டுக்குள் சின்னப் பித்தளைப் பானையில் பொங்கல் வைத்தேன். பொங்கி அடுப்பில் வழிந்தபோது சொரிமுத்து குலவை போடப் பார்த்தார். சகிக்கவில்லை. எதிர்வீட்டுப் பெண்கள் ஓடிவந்து ஒழுங்காகப் போட்டுக் காப்பாற்றினார்கள்.

எட்டு மணிக்குப் பாவாடை சட்டையும் கனகாம்பரமுமாகத் தெருப்பிள்ளைகள் கிளம்பினார்கள். கையில் வாழையிலை, இலையில் பொங்கல், எரு, சூடம். பின்னால் நாங்கள். வடக்கு வாசலில் சில பெண்கள் நின்றுவிட்டார்கள். ரோட்டு வழியாகவே வருகிறோம் என்றார்கள். மாரிச்செல்வி அக்கா வற்புறுத்தவில்லை. அண்ணாச்சியின் மனைவி எங்களோடு வந்தார். அண்ணாச்சி வாசலில் நின்று, "பாத்து, மண்ணு புதுசு, வழுக்கும்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தெய்வானை கூடையோடு வந்தாள். தன் பிள்ளை எந்த இடம் என்று தெரியாததால் சின்னக் குழிகள் இருந்த பக்கமெல்லாம் கைநிறையப் பூ அள்ளித் தூவிக்கொண்டே நடந்தாள். எல்லாப் பிள்ளைக்கும் கிடைத்தது.

பூவரசு என் வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளி. நேரில் அது எங்கள் வீட்டைவிட உயரம். நிறைய மஞ்சள் பூ, வாடிய பூவெல்லாம் சிவப்பு. ஒரு அணில் இறங்கிவந்து எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டது.

"நான் மரம்னு வைக்கல உலகு" என்றார் சொரிமுத்து. "நாய் தோண்டிரப்பிடாதுன்னு முள்ளு வெட்டிப் போட்டேன். முள்ளு நவுண்டுரக்கூடாதுன்னு ஒரு பூவரசங்கம்ப ஊணிட்டு வந்தேன். அடுத்த தடவ வந்து பாத்தா தளுத்திருந்துச்சு. அதுக்கப்புறம் எப்படி விட?"

அடிமரத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். வெயில் ஏறாத மரம், குளுகுளுவென்று இருந்தது. இலையை விரித்துப் பொங்கலை வைத்தேன். எங்கள் பின்னால் வந்த ஒரு வாண்டு, எதிர்வீட்டுக் கடைசிப் பெண், நின்றுவிட்டாள்.

"அத்த, கொளத்துலல்லா விடணும்? இங்கன யாருக்கு வைக்கிய?"

"எங்க பொண்ணுக்கு."

சொல்லிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது.

"அவ பேரு என்ன?"

பெயர் வைக்கிற நாள்வரைக்கும் அவள் இருக்கவில்லையே. அதற்குள் சொரிமுத்து, தினமும் கூப்பிட்டுப் பழகிய பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"வடிவு."

வாண்டு மரத்தை ஏறெடுத்துப் பார்த்தாள். தன் இலையிலிருந்து ஒரு துண்டுக் கரும்பை எடுத்து எங்கள் இலையில் வைத்தாள். "வடிவக்காவுக்கு" என்று சொல்லிவிட்டுக் குளத்தைப் பார்த்து ஓடினாள்.

வடிவு. எழுதிப் பார்க்கிறேன். நல்ல பெயர். நான் வைத்திருந்தாலும் இதைத்தான் வைத்திருப்பேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும். எனக்கு இந்தப் பெயர் தோன்றியிருக்காது. வைத்தவருக்கு நன்றி.

நாளை அலுவலகம் போகும்போது பஸ்ஸில் இடது பக்கம் உட்கார வேண்டும். சுவருக்கு மேலே மரத்தின் தலை தெரியும் என்று அவர் சொல்கிறார்.